நீக்கப்பட்ட நூற்றுச் சொச்சம் பிராணிகள் சம்பந்தமாக

நோட்டன் பிரிட்ஜ்,
05.10.2003

அன்புள்ள மகன் மதுரனுக்கு,

அப்பா வீரய்யா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் அம்மா நலம், பசு நலம், கோழிகளில் ஒன்றைத் தவிர மற்றவை நலம். நான் நலமில்லை. அதற்குக் காரணம் போன வாரம் நீ போட்ட கடிதம்தான்.

அந்தப் பிராணி பிடிக்கிற வீடியோ விளையாட்டில் புதுக் கசட் வந்திருக்கிறது, பழைய பிராணிகளில் நூற்றுச் சொச்சத்தை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள், பழைய கசட்டிலிருந்து வயர் வழியாக எதையும் அனுப்பவும் முடியாது, நானும் புதுசுக்கு மாறிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனி ஒங்க கசட்டும் என் கசட்டும் சேராதுப்பா, மாத்திக்க ஒன்னும் இல்ல, அதனால இந்தத் தீவாளிக்கு வர்றது சந்தேகம்" என்று கடைசியில் ஒரு வரி போட்டாயே, அதைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் டீ ஆறிப்போனது.

நீ கொழும்பில் புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இதுதானே நடந்தது? ரெண்டு விளையாட்டு மெசினையும் அந்த முழங்கை நீள வயரில் கொளுவிக்கொண்டு முட்டியும் முட்டியும் இடிக்க உட்காருவோம், நான் ஒன்று தருவேன், நீ ஒன்று தருவாய். அதற்காக வருசம் முழுக்கப் பிடித்து வளர்த்து வைத்தேன். மொட்டையன், குண்டுநாகம், வெள்ளிக்கிழமை அகப்பட்ட வெள்ளிக்கிழமை, ஓயாமல் கொத்துகிற நாகலெட்சுமி. அதற்கு அம்மா பேரை வைத்தது உனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தோட்டத்தில்கூட மழை வந்து பாதியில் இறங்கினால் அரைநாள் கூலிக்கு அரைப்பேராவது போடுவாங்க. இந்தக் கசட் கம்பெனிக்காரனுக ஒரு வார்த்த சொல்லாம பேரையே வெட்டிட்டானுக. என்ன குத்தம் செஞ்சிச்சு அதுக? கூப்புட்ட நேரமெல்லாம் சண்ட போட்டுச்சு, சம்பளம் கேட்டுச்சா, லீவு கேட்டுச்சா?

மனசு ஆறாமல் தோட்டத் தலைவர் செல்லசாமியிடம் போனேன். சங்கத்தில் பெரிய ஆள், ஆனால் எதையும் முழுசாகக் கேட்கிற பழக்கம் கிடையாது.

"அநியாயமா பேர வெட்டிட்டாங்க தலைவரே."

"எத்தன பேரு?"

"நூத்துச் சொச்சம்."

"யாருகிட்டயும் கேக்காமயா?"

"ஒருத்தர்கிட்டயும் கேக்கல. இந்தா, பட்டியல்கூட எழுதி…"

"பட்டியல் இருக்கா? பத்திரமா வையுங்கண்ணே. காலையில பெரட்டுல பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் கூடிய ஆட்களுக்குக் கண்டாக்கையா வேலை பிரித்துக் கொடுத்தும் ஒரு ஆள் மலைக்கு ஏறவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காளியாயி மாமி கண்டாக்கையாவைக் கேட்ட கேள்விகளைக் கடிதத்தில் எழுத முடியாது. தொரையே ஜீப்பில் வந்து, யார் யாரை வெட்டினது, பட்டியலைக் கொடு என்றார். தலைவர் என்னைப் பார்த்தார், நான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தொரை எல்லாருக்கும் கேட்க வாசித்தார், "மொட்டையன், குண்டுநாகம், வெள்ளிக்கிழமை…" நிறுத்தி, "இந்த ஆளுங்க எந்த லயத்து வீட்டுல இருக்காங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பேரையும் வாசித்துவிட்டார். அம்மா எழுந்து நின்று, "ஐயையோ, இருவத்தாறு வருசம் கொழுந்து எடுத்தவ பேரயுமா வெட்டிட்டீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் உண்மையைச் சொல்லவேண்டியதாகப் போனது. செல்லசாமி இப்போது என்னைக் கண்டால் ரோட்டை மாற்றிப் போகிறார். தண்ணிப்பீலியில் பொம்பளைகள் சிரிக்கிறார்கள் என்று அம்மா குடத்தைத் தொடுவதில்லை, மூன்று நாளாக நான்தான் சுமக்கிறேன்.

ஆகவே அந்தக் கம்பெனிக்கு இங்கிலீசில் நல்ல காரமாக ஒரு கடிதம் எழுது. பழசுகளைத் திரும்பச் சேர்க்கும்வரை புதுக் கசட்டைத் தொடாதே. அவனுகள் மசியாவிட்டால் நீ தீபாவளிக்கு வரவேண்டாம். வந்து என்ன செய்யப்போகிறாய்? இங்கே மழை, அட்டைக்கடி வேறு. ஒன் கடைக் கத எனக்கு வெளங்காது, என் தேயிலை ஃபக்டரிக் கத ஒனக்கு வேணாம். அந்த வயரும் சேரலேன்னா நமக்குள்ள வேற என்னதான் இருக்கு, சொல்லு பாப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையில் எண்ணெய் வை, ஊர் தெய்வமெல்லாம் உன் பக்கம் நிற்கட்டும்.

இப்படிக்கு,
நீக்கப்பட்டவர்கள் சார்பில்,
உன் அப்பா வீரய்யா

பி.கு: ஒட்டுறதுக்கு முன்னால அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். மூணு நாளா பேசாதவ வாயத் தொறந்து, "பொய்ய எதுக்குங்க முத்திர ஒட்டி அனுப்புறீங்க"ன்னா. அதனால சொல்லிடறேன். அந்த வெளையாட்டு எனக்கு ஒருநாளும் புடிச்சதில்ல தம்பி. கண்ணு எரியும், தல இடிக்கும். வெட்டினா வெட்டிட்டுப் போறானுக. கம்பெனிக்கு ஒன்னும் எழுத வேணாம். நீ எந்த பஸ்ஸுல வர்றேன்னு மட்டும் எழுது, ஹட்டன்ல வந்து நிக்கிறேன்.