நுளம்பு தின்னும் செடியும் மாமாவின் தலைவர் பதவியும்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் இரண்டே வேலைதான்: நன்றாகச் சாப்பிடுவது, வாயை மூடியிருப்பது. முதலாவதை நான் குறைவின்றிச் செய்தேன்.

கட்டைபறிச்சானில் மாமா வீட்டில் பின்னேரமானால் நுளம்பு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். மாமாவோ ஊர் டெங்கு ஒழிப்புக் குழுவின் தலைவர். மாரிமழை ஓய்ந்த ஒரு நாள், நானும் மனைவி சுமதியும் வயலுக்கு அப்பால் ஈரமணல் வெட்டையில் நடந்தபோது, ரூபாய்க் குற்றியளவுச் சிவப்புச் செடிகளைக் கண்டேன். இலையெங்கும் மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் பசைத்துளி. ஒன்றில் சின்னப் பூச்சியொன்று ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தது.

“அழுகண்ணி. பூச்சி தின்னும்” என்றாள் சுமதி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள்.

போதாதா? மறுநாளே பன்னிரண்டு செடிகளைக் கிண்டி வந்து, (பாசம் மிகுந்து) மாட்டெரு நிரப்பிய தயிர்ச்சட்டிகளில் நட்டேன். ஈரம் காயாதிருக்கச் சட்டிகளைத் தண்ணீர்ப் பேசின்களில் வைத்து வீட்டைச் சுற்றி அடுக்கினேன்.

“மாமா, இனி ஒரு நுளம்பும் உள்ளுக்கு வராது.”

“உண்மையாவோ தம்பி?” என்றவர், குழுக் கூட்டத்திலும் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

“எருப் போட்டால் சாகும். அது ஒண்டுமில்லாத மணலிலதான் நிக்கும்” என்றாள் சுமதி. நான் சிரித்தேன். (ஐயோ, அந்தச் சிரிப்பு!)

இரண்டு கிழமையில் செடிகள் கறுத்துச் சுருண்டன. அந்த நேரம் பார்த்து, குழுவினர் நாலு பேருடன் சுகாதாரப் பரிசோதகர் அதிசயச் செடி பார்க்க வந்தார். செடியை அவர் பார்க்கவில்லை. பேசினுக்குள் டோர்ச் அடித்தார்.

“ஐயா, இதுக்குள்ள முழுக்க நுளம்புக் குடம்பி, புழுப்புழுவா நெளியுது.”

“எந்தப் பேசினில?” என்றார் மாமா.

“எல்லாத்திலயும்.”

“தலைவர் வீட்டிலயே பண்ணையோ?” என்றார் குழுவில் ஒருவர். மாமாவின் முகம் சுருண்டதைப் பார்க்க ஏலாமல், “நான்தான் வைச்சனான்” என்றேன். குரல் நுளம்பின் குரலைவிடச் சின்னதாக வந்தது.

“இப்பவே கவிட்டு ஊத்துங்கோ. அடுத்த கிழமை வருவன். அப்பவும் இருந்தால் வழக்குத்தான்” என்றார் பரிசோதகர்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டி, முதல் பேசினைத் தானே கவிழ்த்தார்.

உயிரோடு மிஞ்சியவை மூன்று செடிகள். சுமதி வேரிலிருந்த எருவைக் கழுவினாள். மூன்றையும் வெட்டையிலேயே திரும்ப நட்டோம். அடுத்த மாரி கழிந்து போய்ப் பார்த்தால், நான் கிண்டிய குழிகளைச் சுற்றியும் சிவப்பாய்ப் பரந்து கிடந்தது. கூட வந்த மாமா வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார். அந்த மாதக் கூட்டத்தில், “அந்த வெட்டையில ஒருத்தரும் மண் அள்ளக்கூடாது” என்று தீர்மானமும் போட்டார். ஆம், இன்னும் அவர்தான் தலைவர்.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவளே என்னை அறிமுகப்படுத்துவாள்:

“இவர் என்ர அப்பா. முந்தி நுளம்பு வளத்தவர்.”