லேயர் அண்ணன் மூடிவைத்த கண்

போபோடிக்குப் பனிமலையைக் கொண்டுவந்த ஒரே மனிதர் லேயர் அண்ணன்தான். பனிமலை மட்டுமா? மான், நிலா, நீர்வீழ்ச்சி எல்லாமே அவர் உபயம். எங்கள் சந்தில் காதுகுத்திக்கொண்ட குழந்தைகள் அத்தனை பேரும் ஃப்ளெக்ஸ் பேனரில் ஏதோ ஒரு பனிமலை அடிவாரத்தில்தான் அழுதுகொண்டிருந்தார்கள்.

புனேயில் கட்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது போபோடி. அங்கே அண்ணனுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன பம்பு மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தருவார். ஒரு மழைக்காலத்தில் வேலை குறைந்தபோது, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு ஆன்லைனில் டுடோரியல் பார்த்துப் படம் திருத்தக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அம்மா அப்பா வைத்த பெயர் அதோடு ஒழிந்தது. அது இப்போது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்குப் பிடித்த டுடோரியல் வாத்தியார் ஒரு வெள்ளைக்காரர். அவர் பேசுவது இங்கிலீஷ் இல்லை என்பது மட்டும் தெரியும். என்ன பாஷை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"பாஷை எதுக்குடா? கை எங்க போவுதுன்னு பாரு, போதும்" என்பார் அண்ணன்.

வாத்தியார் ஒரு க்ளிக் செய்தால், வீடியோவை நிறுத்திவிட்டு இவரும் ஒரு க்ளிக். வாத்தியார் காபி குடித்தால் இவர் அரை கிளாஸ் கட்டிங் சாய் சொல்லுவார். ஒருநாள் வாத்தியார் பனிமலைக்கு முன்னால் ஒரு மானை நிறுத்தினார். அண்ணனும் நிறுத்தினார்.

"அது பாடத்துக்கு வெச்ச மான் அண்ணா. காதுகுத்துக்கு எதுக்கு?" என்றேன்.

"அரே, அவ்ளோ படிச்ச ஆளு சும்மா வெப்பானா? காரணம் இருக்கும்."

இந்தக் கலைக்கு அடிப்படை லேயர். கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல ஆள் ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர், மலை ஒரு லேயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். கண்ணை மூடினால் லேயர் மறையும், திறந்தால் திரும்ப வரும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அண்ணன் எதையுமே டிலீட் செய்ததில்லை. "அழிச்சா போச்சு. கண்ணை மூடிட்டு கம்முனு இரு" என்பது அவர் கொள்கை. அண்ணி திட்டினால்கூட "அந்த லேயரை மூடிட்டேன்" என்று சிரிப்பார். அண்ணி கரண்டியோடு வருவார். எல்லா பேனரையும் அண்ணன் ஒரே ஃபைலில்தான் செய்வார். நாலு வருஷத்துப் பிறந்தநாள் பையன்கள் அதற்குள் கண் மூடிப் படுத்திருந்தார்கள். அந்த ஃபைல் திறப்பதற்குள் சாய் ஆறிவிடும்.

நான் அப்போது சாகணில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தேன். எங்கள் நைனா பத்துப் பேரைப் பார்த்து, பல்லைக் காட்டி வாங்கிக்கொடுத்த வேலை. ஷிப்ட் முடிந்ததும் நேரே அண்ணன் கடைக்குத்தான் போவேன். ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து பாடம் பார்ப்போம். இருவருமே மக்கு மாணவர்கள்தான். ஆனாலும் எனக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒருநாள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்கு வந்து நின்றேன்.

நைனா ஃபேக்டரியில் ஒருநாள்கூட லேட்டாகப் போகாமல் ரிடையர் ஆனவர். "இதுக்காடா வேலைய வுட்டே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

இதற்கிடையில் தங்கச்சி கல்யாணம் வந்தது. பேனர் இல்லாமல் எங்கள் சந்தில் கல்யாணம் செல்லாது. தமிழில் பேனர் செய்ய அண்ணனை விட்டால் ஆள் கிடையாது. நைனா வருவதைப் பார்த்ததும் நான் ஒரு பெரிய மோட்டாருக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

நான் வேலையை விடுவதற்கு முன் நடந்த நிச்சயதார்த்தத்தில் அம்மா, நைனா, நான், தங்கச்சி என்று வரிசையாக நின்று எடுத்த போட்டோவை நைனா நீட்டினார். "நாலு பேரு இருக்கோம். மூணு பேரு போதும்."

"சரிங்க மாமா" என்றார் அண்ணன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவேண்டுமே? ஊஹும். எங்களை ஒவ்வொருவராக வெட்டி லேயராக்கினார். பிறகு ஒரே க்ளிக். மோட்டார் சந்து வழியாக நான் காணாமல்போவதை நானே பார்த்தேன்.

"நடுவுல இன்னாப்பா ஓட்டை?"

"காத்தோட்டமா இருக்கட்டும் மாமா."

நைனா தலை மறைந்ததும் பாய்ந்தேன். "நைனாவையும் தங்கச்சியையும் நெருக்கி வெக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அது உன் எடம்டா" என்றார் அண்ணன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கல்யாணம் தாபோடியில் ஒரு ஹாலில். மாப்பிள்ளை வந்து இறங்கியதும் மாலை போட்டு அழைத்துவருவது எங்கள் பக்கத்தில் மச்சான் முறை. அந்த மாலை சித்தப்பா மகன் கையில் இருந்தது. நான் சமையல் பக்கம் வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாசலில் பேனரை விரித்தார்கள். கம்ப்யூட்டரில் யாரும் கவனிக்காத ஒன்று, பேனரில் முறம் அளவுக்குத் தெரிந்தது. போட்டோவில் நான் நைனாவின் தோளில் கை போட்டிருந்தேன். அண்ணன் வெட்டிய வெட்டில் கை மட்டும் நைனாவோடு தங்கிவிட்டது.

வேலூர் சொந்தக்காரர்கள் விடுவார்களா?

"ஏம்பா, உன் தோள்மேல யாரு கை அது?"

"ஒண்ணுமில்ல, உள்ள வாங்க."

"ஒண்ணுமில்லியா? அஞ்சு வெரலு கீதே!"

பெரியத்தை கேட்டார், சம்பந்தி வீட்டார் கேட்டார்கள், நாதஸ்வரக்காரரும் கேட்டார். நைனா விறுவிறுவென்று பந்திக்கு வந்தார். அண்ணன் மூன்றாவது இட்லியில் இருந்தார்.

"லேயரு... அவன் இருக்கானா?"

"எவன் மாமா?"

"அதாம்பா. அந்தக் கைக்குச் சொந்தக்காரன்."

"இருக்கான் மாமா. நான் கண்ணைத்தான் மூடினேன்."

"தொற."

அண்ணன் இட்லியை விட்டுவிட்டுப் பைக்கில் பறந்தார். முக்கால் மணி நேரத்தில் புது ஃப்ளெக்ஸ் சுருளோடு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். கட்டி விரித்தோம். நான் இருந்தேன், கை என்னோடு சேர்ந்திருந்தது. ஆனால் அவசரத்தில் மனிதர் ஃபைலில் இருந்த கண் அத்தனையையும் திறந்துவிட்டார்! பின்னால் பனிமலை. மேலே நிலா. எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் மான். சுற்றிலும் நாலு வருஷத்துப் பிறந்தநாள் பையன்கள், கூலிங் கிளாஸோடு.

நைனா பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்காடா வேலைய வுட்டே?"

அதே கேள்வி. ஆனால் இந்தத் தடவை அவர் தொப்பை குலுங்கியது. சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் மாப்பிள்ளை கார் வந்துவிட்டது. சித்தப்பா மகனிடமிருந்து மாலையை வாங்கி என் கையில் திணித்தார்.

"மசமசன்னு நிக்கிறியே. மாப்பிள்ளைக்கு மாலை யாரு போடுவா, மானா?"

இன்று நான் ஒரு டிசைன் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வேண்டாத லேயரை எல்லாம் அழிக்கச் சொல்லுவார் மேனேஜர். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மட்டும் மூடுவேன். என் சோறும் என் நைனாவும் அண்ணன் கொடுத்தவை. ஒருதடவை நன்றி சொல்லப் போனேன். "தாம்ப், இருடா, வாத்தியார் க்ளிக் பண்றான்" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அந்த ஃப்ளெக்ஸ்தான் இப்போது அவர் கடைக்கு மழைக்கூரை. போன ஆடியில் போனபோது அண்ணாந்து பார்த்தேன். படம் உள்பக்கமாக இருந்தது. நாங்கள் நாலு பேரும், மானும் கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"ஏண்ணா உள்பக்கம் போட்டே?"

கம்பி சுற்றுவதை நிறுத்தாமல் சொன்னார்: "வெளிப்பக்கம் போட்டா நீங்கள்லாம் நனைஞ்சிடுவீங்கடா."