வண்ணத்துப்பூச்சியின் ஆய்வு வருகை

இயற்கையைக் காப்பாற்ற இதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஒத்திகைக்கு வந்தவர்கள். உண்மையானவர் தருமபுரியில், பொன்மலர் நகர் மூன்றாவது தெருவில் குடியிருக்கிறார். பெயர் மாதேஷ். ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஆடித் தள்ளுபடியில் கேமரா வாங்கிய நாளிலிருந்து 'இயற்கை ஆர்வலர்'.

அவருடைய மனைவி அன்பரசி வீட்டைச் சுற்றிச் சாமந்தி, செம்பருத்தி, கறிவேப்பிலை எல்லாம் வளர்த்து வைத்திருந்தாள். காலையில் வண்ணத்துப்பூச்சிகள் வரும். கையிலிருக்கும் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்படி, ஒரு படம்கூட எடுக்காமல், சும்மா பார்த்தே சந்தோஷப்படும் நாகரிகமற்ற பழக்கம் அவளிடம் பல வருடங்களாக இருந்து வந்தது.

மாதேஷ் அதைச் சீர்செய்யப் புறப்பட்டார். அவருடைய முதல் படத்தில் வெறும் சாமந்தி இருந்தது. 'சற்றுமுன் இங்கே ஒரு வண்ணத்துப்பூச்சி இருந்தது' என்று எழுதி, நகரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இரண்டாவது படத்தில் அவருடைய கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. மூன்றாவதில் சிறகு மாதிரி ஏதோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது அது அன்பரசியின் முந்தானை.

அந்தச் சமயத்தில்தான் நகர் நலச் சங்கச் செயலாளர் நூர் பாஷா 'வண்ணத்துப்பூச்சி காப்போம்' ஒளிப்படப் போட்டியை அறிவித்தார். முதல் பரிசு வாங்குகிறவரே புதிதாக அமையப்போகும் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர். 'தலைவர்' என்ற சொல்லைப் படித்ததும் மாதேஷுக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் இனி மேலே போக நாற்காலி கிடையாது. வெளியிலாவது ஒன்று வேண்டாமா?

வண்ணத்துப்பூச்சியின் போக்கை யோசித்துப் பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் வருவது, ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுவது, எதிலும் திருப்தியில்லாமல் கிளம்பிவிடுவது. இந்த லட்சணங்கள் பொருந்திய ஒருவரை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆய்வுக்கு வரும் மேலதிகாரி! அவ்வளவுதான், தோட்டத்தில் 'ஆய்வு முன்னேற்பாடுகள்' முழுவீச்சில் தொடங்கின. பாத்தி ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டார். தொட்டிகளுக்குக் காவி அடித்தார். சாமந்திகளை உயரவாரியாக நிற்க வைத்தார். கடைசியில் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தவர் அதிர்ந்து போனார். இலையெல்லாம் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் கொழுகொழுவென்று பச்சைப் புழுக்கள்.

"வி.ஐ.பி. வர்ற எடத்துல புழுவா?"

"ஏங்க, அதுல கைய வெக்காதீங்க. அந்தப் புழுதாங்க வண்ணத்துப்பூச்சி ஆவுது" என்றாள் அன்பரசி.

மாதேஷ் பெருந்தன்மையாகச் சிரித்தார். "புழு வேற செக்‌ஷன். வண்ணத்துப்பூச்சி வேற செக்‌ஷன்."

"பள்ளிக்கூடத்துல படிக்கலீங்களா? நல்லா தின்னுட்டு கூடு கட்டித் தூங்கும். ரெண்டு வாரம் போனா றெக்கையோட வெளிய வரும்."

"தின்னுட்டுத் தூங்குனா ரெண்டு வாரத்துல புரமோஷனா? இத்தன வருஷ சர்வீஸ்ல எனக்கே ரெண்டு புரமோஷன்தான்டி!"

"தின்னது, தூங்குனது எல்லாம் சரிதாங்க. நீங்க கூடு கட்டலியே."

இந்த ஆட்சேபணை ஆதாரமற்றது என்று தள்ளுபடி செய்யப்பட்டது. மாதேஷ் நேராக உரக்கடைக்குப் போனார்.

"புழுவுக்கு மருந்து வேணும் கோவிந்தா. ஒன்னுகூட மிஞ்சக் கூடாது."

"தக்காளிக்கு அடிக்கிறது இருக்குங்க சார். அடிச்சா வம்சமே இருக்காது" என்றார் கடைக்காரர் கோவிந்தன்.

"வண்ணத்துப்பூச்சிக்கு ஒன்னும் ஆகாதே?"

"அதுக்குத் தனியா எதுக்குங்க சார் அடிக்கணும்? இதுலயே போயிடும்."

மாதேஷுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. தலைவராகப் போகிறவர்களுக்கு அவ்வளவு விழுந்தால் போதும். தனியாக அடிக்க வேண்டியதில்லை என்று நிம்மதியோடு வீட்டுக்கு வந்து, செடி செடியாக அடித்தார்.

மறுநாள் தோட்டம் பளிச்சென்று இருந்தது. புழு இல்லை. நாற்காலி போட்டு, கேமராவும் கையுமாக உட்கார்ந்தார். மேலிடம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போட்டிக்கு முந்தின நாள்தான் ஒன்றே ஒன்று வந்திருந்தது. செம்பருத்திக்கு அடியில், பிளீச்சிங் பவுடர் கோட்டின் மேல், கருஞ்சிறகை விரித்தபடி கிடந்தது. உயிர் இல்லை.

மாதேஷ் சமையலறைக்கு ஓடினார்.

"சோத்துப் பருக்கைய எங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க?"

"விருந்தாளி வந்திருக்காங்க."

அன்பரசி பின்னாலேயே வந்து பார்த்தாள். பருக்கையைப் பசையாக்கி, செத்த பூச்சியைச் சாமந்தி மேல் ஒட்டிக்கொண்டிருந்தார். அன்பரசிக்கு அழுகை வந்தது. மாதேஷுக்கு ஃபோகஸ் வந்தது.

பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்து போனார். "என்ன உயிரோட்டம்! இப்ப பறந்துடும் போல இருக்குங்க! காலடியில ஒரு பனித்துளி, பாருங்க!"

பனித்துளியை அன்பரசி மட்டும் அடையாளம் கண்டுகொண்டாள். படம் எடுத்த அன்று காலையில் அவள் வடித்த பொன்னி அரிசி.

புதிய தலைவர் ஏற்புரையில் தம் வெற்றியின் ரகசியத்தை ஒளிக்கவில்லை. சுத்தமான தோட்டம்தான் என்று சொல்லி, மருந்தின் பெயரையும் சொன்னார். கூட்டம் கை தட்டியது. மறுநாள் மத்தியானத்துக்குள் கோவிந்தன் கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது.

இப்போது பொன்மலர் நகரில் எந்தக் கறிவேப்பிலையிலும் ஓட்டை கிடையாது. அன்பரசி காபியைச் சூடாகவே குடித்துவிடுகிறாள். நின்று பார்க்க ஒன்றும் இல்லை.

ஆனால் நகரின் நுழைவாயிலில் நூர் பாஷா அந்தப் படத்தை ஆளுயரப் பலகையில் வைத்திருக்கிறார். 'வண்ணத்துப்பூச்சிகள் வாழும் நகர்' என்று அதில் எழுதியிருக்கிறது. நகரில் மிஞ்சியிருக்கும் ஒரே வண்ணத்துப்பூச்சி அதுதான். அதன் காலடியில், பருக்கைக்குச் சற்றுக் கீழே, கொட்டை எழுத்தில் இரண்டு வரி:

'ஒளிப்படம்: மாதேஷ்.
பாதுகாப்பு: மாதேஷ்.'