தென்னைமரத்து ஸ்பீக்கர்

"தப்பான பாஸ்வேர்டு" என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னதும் குரியச்சன் மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"எவன்டா மாத்தினவன்? நேத்துதானே மைக்ல எல்லாருக்கும் சொன்னேன்!"

இக்கரை வள்ளக் கழகத்தின் செயலாளர் அவர். படகுப் போட்டிக்குப் பெயர் பதிய அன்று மாலையே கடைசி. கழகத்தின் மெயில் திறந்தால்தான் பதிய முடியும். இல்லாவிட்டால் பாம்புபோல் நீண்ட அவர்களுடைய பந்தயப் படகு, சுண்டன் வள்ளம், இந்த வருஷம் கரையில்தான் கிடக்கும்.

துடுப்புப் பிடிக்கிறவனிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது கழகத்தின் சட்டம். அதனால் பாஸ்வேர்டைக்கூடத் தென்னைமரத்து ஸ்பீக்கரில்தான் அறிவிப்பார்கள். நல்ல சட்டம், போங்கள்!

"அக்கரைக்காரன் வேலைதான் சேட்டா. போன வருஷம் நம்மகிட்ட தோத்த வயித்தெரிச்சல்" என்றார் பொருளாளர் சசாங்கன். "போய்க் கேட்டுட்டு வரவா?"

"பந்தய மாசத்துல அவனுங்களோட பேசறதா? தலைமுறை தலைமுறையா யாராவது பேசியிருக்கானா? மானம் இருக்காய்யா உமக்கு?"

குரியச்சன் நெட்டில் தேடி ஓர் உதவி மையத்தின் எண்ணைப் பிடித்தார்.

"கவலைப்படாதீங்க சார். உங்க கழக செல்லுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொல்லுங்க" என்றது ஒரு தேன்குரல்.

கழகத்தின் செல், வள்ளத்துக்குச் சுக்கான் பிடிக்கும் அமரக்காரர் திவாகரனின் மடியில் இருந்தது. திவாகரனோ நடு ஆற்றில், பயிற்சி வள்ளத்தின் பின்முனையில் நின்றார். குரியச்சன் பேசிக்கொண்டிருந்த போனை மைக் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மைக்கில் கத்தினார்.

"திவாகரா! செல்லுல வந்த நம்பரைச் சொல்லு!"

துடுப்புக்காரர்கள் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிக் கரைக்கு அனுப்பினார்கள். "நாலு!" "ஏழு!"

திடீரென்று அக்கரையிலிருந்து பெருங்கூச்சல். "ஒம்பது! சைபர்! பதினொண்ணு!"

"பதினொண்ணா? அது எங்கடா நடுவுல வந்துச்சு?"

காதில் விழுந்ததையெல்லாம் கலந்து குரியச்சன் ஒப்பித்தார். தப்பு என்றது தேன்குரல். மறுபடி கேட்டு, மறுபடி ஒப்பித்தார். இந்தத் தடவை அது அவருடைய அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தது. ஸ்பீக்கரில் ஊரே கேட்டது.

"உதவி மையத்துக்காரன் என் அம்மச்சியைத் திட்டறான்! எல்லாம் அந்த அக்கரைப் பாவிகளால!"

மானத்தை ஆற்றில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோணியில் ஏறினார்.

அக்கரைக் கொட்டகையில் எல்லாரும் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தார்கள். "திருட்டுப் பயலுகளா! ஆத்துல ஜெயிக்கத் துப்பில்லாம கம்ப்யூட்டர்ல புகுந்தீங்களா?" என்று பாய்ந்தார் குரியச்சன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பந்தய மாசம் அல்லவா! பரிமாறிக்கொண்டிருந்த அம்மிணிச்சேச்சி மட்டும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கத்தாதீங்க சேட்டா. நேத்து நீங்க மைக்ல சொன்னதை ஹவுஸ்போட்ல போன எவனோ கேட்டுட்டு, உங்க மெயில்ல புகுந்து உங்க வள்ளத்தை விலைக்குப் போட்டிருந்தான். அதே பாஸ்வேர்டுல உள்ள போயி அவனை விரட்டி, பாஸ்வேர்டை மாத்திப் பூட்டினது இந்தப் பசங்கதான். இன்னிக்குப் போன்ல பேசினவனும் திருடன். அதான் நம்பரைக் குழப்பினாங்க. உங்க பேரையும் காலையிலேயே பதிஞ்சாச்சு."

குரியச்சன் மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார். "எங்களுக்குப் போயி... நீங்க எதுக்கு..."

"நல்லா கேட்டீங்க! நீங்க வராட்டா, இந்த வருஷம் நாங்க யாரைத் தோக்கடிக்கறதாம்?"