பூனைமணல் வாளியும் நாற்பதாம் கல்யாண நாளும்

அயோவா, ஜூன் 9

அன்புத் தங்கை லோர்னாவுக்கு அண்ணன் வெர்லின் எழுதுவது. இங்கே நான், டார்லீன், பூனை மூவரும் சுகம். உன் முழங்கால் வலியும் மாப்பிள்ளை ஆர்லோவின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வரும் சனிக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். கல்யாணத்தன்று போலவே டார்லீனைப் பின்னால் உட்காரவைத்து, மோட்டார் சைக்கிளில்தான் உன் வீட்டு விருந்துக்கு வருவேன். அன்றைக்கு வழியெல்லாம் "இன்னும் வேகமா போங்க" என்று என் முதுகில் குத்திக்கொண்டே வந்தவள், இப்போது "என் துணிமணிய எங்க வைக்கிறது? உருளைக்கிழங்குப் பாத்திரத்த எங்க வைக்கிறது? தலையிலயா?" என்கிறாள். கடையில் வண்டியின் இரு பக்கமும் மாட்டும் தோல் பைகளைப் பார்த்தேன். அந்த விலைக்கு மாட்டையே வாங்கிவிடலாம். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி, கழன்றதையெல்லாம் கம்பியால் கட்டியே ஓய்வு பெற்றவன் நான். நானே செய்துவிட்டேன்.

பூனை வெளிக்குப் போகத் தட்டில் கொட்டிவைக்கும் பூனைமணல் வாங்கினால் மூடியோடு சதுர வாளி வருமே, அதில் இரண்டை வண்டியில் பக்கத்துக்கொன்றாக மாட்டினேன். தாங்க இரும்புச் சட்டம் வேண்டியிருந்தது, விருந்தினர் அறைக் கட்டிலில் சும்மாதானே இருக்கிறது என்று அறுத்துக்கொண்டேன் (நீ வந்தால் இடப்பக்கம் படுக்காதே). அவள் முதுகு சாய, தேவாலயத்தில் கழித்துப்போட்ட மடக்கு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டமாக, உருளைக்கிழங்கை வலது வாளியில் வைத்து தேவாலய விருந்துக்குப் போனேன், புகைக்குழாய் வலப்பக்கம் என்பது வாசலில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது, வாளி உருகி வழியுது, பாத்திரம் அடிபிடிச்சு நாறுது, சரி இந்தப் பக்கமாவது பாப்போம்னு இடது வாளியத் திறந்தா, உள்ள நம்ம பூனை! அதுக்குப் பழகின வாளி பாரு, மூடுறதுக்கு முன்னாடியே ஏறிப் படுத்திருக்கு. ஒரே பாய்ச்சல், நேரா சாப்பாட்டு மேசை, பச்சை ஜெல்லிக்குள்ள நாலு காலும்.

"வெர்லின், உயிரோட இருக்கறதயெல்லாம் விருந்துக்குக் கொண்டுவராதேன்னு தனியா சொல்லணுமா?" என்றார் பாதிரியார்.

"பூனைக் கக்கூசுக்கு நடுவுல நான் உக்கார மாட்டேன். சனிக்கிழமை நான் கார்ல வர்றேன், நீங்க முன்னாடி போங்க" என்றாள் டார்லீன். ஊரே சிரித்தது எனக்கு வலிக்கவில்லை, லோர்னா. அவள் சொன்னது வலித்தது.

விடுவேனா? புது வாளி போட்டாயிற்று. சூடு தடுக்க நடுவில் அவளுடைய கேக் தட்டு. மூடி திறக்காமலிருக்க என் பழைய பெல்ட். சனிக்கிழமை அவள் வண்டியில்தான் வருவாள், இது உறுதி.

ஆண்டவர் உன் குடும்பத்தை எந்நாளும் காக்கட்டும். எங்களைச் சனிக்கிழமை மட்டும் மழையிலிருந்து காத்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் வெர்லின்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம், "வாளி ஆடுதான்னு பாக்கறேன்" என்று டார்லீன் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் கலைந்து, வாயெல்லாம் சிரிப்பாக வந்தாள். இரண்டு வாளிகளையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். "சனிக்கிழமை வண்டிய நான் ஓட்டறேன். நீங்க உருளைக்கிழங்க எடுத்துக்கிட்டு கார்ல பின்னாடியே வாங்க. இன்னும் வேகமா வரணும், சொல்லிட்டேன்."