அக்குறணைக்கு வந்த கடல் அறை

மத்திய மாகாணத்துக்குக் கடல் இல்லை என்பது இயற்கை செய்த அநியாயம். அதை அப்படியே விட்டுவைக்க ஆழ்கடல் எண்ணெய் எரிவாயு அகழ்வுக் கண்காணிப்புச் சபை தயாராக இருக்கவில்லை. நடுக்கடலில் துளை போடும் மேடைகளைக் கவனிப்பதற்கென்று வெளிநாட்டிலிருந்து விசேட பெட்டி அறைகள் வந்திறங்கியபோது, மாகாணத்துக்கு ஒன்றாகச் சமமாகப் பங்கிட வேண்டுமெனச் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. கடலே இல்லாத இடத்திலிருந்து கடலை எப்படிக் கவனிப்பது என்று ஓர் உறுப்பினர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். கண்காணிப்பு என்பதே தூர நின்று செய்யும் காரியம், தூரம் கூடக் கூடக் கண்காணிப்பும் கூடும் என்று தலைவர் விளங்கப்படுத்தினார். கேட்டவர் தலை குனிந்து, முன்னாலிருந்த பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தார்.

மத்திய மாகாணத்துக்குரிய அறையைக் கண்டி ஹந்தானை மலையில் வைப்பதென்று முடிவாயிற்று. உயரமான இடம். மேகமில்லாத நாளில் கடல் தெரிந்தாலும் தெரியும்.

அறை என்றால் பஸ் அளவில் ஒரு வெள்ளை இரும்புப் பெட்டி. பக்கத்தில் குண்டு வெடித்தாலும் சுவர் நெளியாது. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காது. ஜன்னல் கிடையாது. எரிவாயு மணம் மூக்குக்கு எட்டும் முன்பே அலறுகிற ஒரு கருவி வெளியே பொருத்தியிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து மாத்தளை வழியாக வந்த லொறி, கண்டியை எட்டும் முன்பே அக்குறணைக் கடைத்தெருவில் அச்சு முறிந்து படுத்துவிட்டது. கிரேன் பிடித்து, பெட்டியைத் தற்காலிகமாக வீதியோரத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஓர் அலுவலகம் தற்காலிகம் என்று சொன்னால் எவ்வளவு காலம் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இறக்கிய இடம் முஹைதீனின் ‘ஸனா டெக்ஸ்டைல்ஸ்’ வாசல்.

நோன்பு தொடங்க மூன்று கிழமைதான் இருந்தது. பெருநாள் வியாபாரத்தை நம்பித்தான் ஒரு புடவைக் கடைக்காரன் மிச்ச வருஷத்தை ஓட்டுகிறான். கடை நிறையப் பெண்களின் அபாயாவும் ஆண்களின் சாரமும் பிள்ளைகளின் உடுப்பும் வந்து குவிந்திருக்க, வீதியில் போகிறவர்களுக்குக் கடை இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களும் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒருக்களித்து நுழைய வேண்டியிருந்தது. பெருநாளுக்குக் குடும்பத்தோடு துணி எடுக்க வருகிறவர்கள் ஒருக்களித்து வருவார்களா? எதிர்க்கடைக்குப் போனார்கள்.

முஹைதீன் கண்டியிலுள்ள சபையின் பிராந்திய அலுவலகத்துக்கு ஓடினார். உதவிப் பணிப்பாளர் விவேகானந்தன் மிக மரியாதையான மனிதர். உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

“சேர், அந்தப் பொட்டி என்ட கட வாசல்ல ஈக்கி. பெருநாள் வருது. கொஞ்சம் எடுத்துத் தாங்க.”

விவேகானந்தன் கோப்பைப் புரட்டினார். “அது ஹந்தானையில எல்லோ இருக்கு.”

“இல்ல சேர், அக்குறணையில ஈக்கி. நான் காலையிலயும் அதுல தலைய இடிச்சிட்டுத்தான் வாறன்.”

“உங்கட தலையை நான் குறை சொல்லேல்லை. ஆனா கோப்பில ஹந்தானை எண்டுதான் கிடக்கு. இல்லாத ஒண்டை நான் எப்பிடி எடுக்கிறது? அது அங்கதான் கிடக்குது எண்டு ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோ.”

முஹைதீன் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் போனபோது விவேகானந்தனின் முகம் மலர்ந்திருந்தது.

“உங்கட முறைப்பாட்டைக் கொழும்புக்கு அனுப்பினனான். கோப்பைத் திருத்திப் போட்டினம். இனி அது சட்டப்படி அக்குறணையிலதான் இருக்குது. நிரந்தரமா!”

“யா அல்லாஹ்! நான் எடுக்கத்தானே சொன்னேன்!”

“அவசரப்படாதேங்கோ. கடல் சார்ந்த இடத்திலதான் அந்த அறை நிக்கலாம் எண்டு ஒரு விதி இருக்கு. அக்குறணையில மழைக்கு வெள்ளம் வாறதுதானே?”

“வரும். கடைக்குள்ளயும் வரும்.”

“அப்ப இந்த மாகாணத்திலயே கடலுக்குக் கிட்டடியான ஊர் உங்கடதுதான். நாங்கள் ஹந்தானை எண்டு பிழையா நினைச்சிட்டம். சபை உங்களுக்கு நன்றி தெரிவிச்சிருக்குது.”

நன்றியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முஹைதீன் பஸ் ஏறினார்.

பெட்டி நிரந்தரமானதும் அதற்கு ஒரு கண்காணிப்பு அலுவலரும் வந்தார். தெல்தோட்டைப் பக்கத்துப் பட்டதாரி, ரமேஸ். காலையில் வந்து ஒரேஞ்ச் நிற உயிர்காப்பு அங்கியை மாட்டி, தலைக்கவசத்தைப் போட்டு, இரட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவார். திரையில் நாள் முழுக்க அலை அடிக்கும். அது எந்தக் கடல் என்று அவருக்கும் தெரியாது.

“தம்பி, உள்ளுக்கு என்ன செய்ற?” என்று முஹைதீன் ஒருநாள் கேட்டார்.

“பாத்துக்கிட்டு இருக்கேன் மொதலாளி.”

“எதப் பாக்குற?”

“அத இன்னும் சொல்லல. பாக்கத்தான் சொல்லியிருக்காங்க.”

நோன்பு பிறந்து ஓரிரு நாளில், பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த நேரம், பெட்டி திடீரென்று அலறியது. பேராதனை வரைக்கும் கேட்டிருக்கும். மறுநாளும் அதே நேரம் அலறியது. நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டதென்று இரண்டு பேர் ஈத்தம்பழத்தை வாய்வரைக்கும் கொண்டு போய்விட்டார்கள். இது கடலுக்கான சங்கு, நோன்புக்கான சங்கல்ல என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியதாயிற்று.

காரணத்தை முதலில் கண்டுபிடித்தவர் முஹைதீனின் மனைவி ருக்கியா. கடைக்கு மேல்மாடியில்தான் அவர்கள் வீடு. குசினி ஜன்னலுக்கு நேர் கீழே பெட்டியின் கருவி.

“நான் கஞ்சிக்கு அடுப்பப் பத்தவைக்கிற நேரம்தான் அது கத்துது. ரெகுலேட்டர் ஒழுகுது, மாத்துங்க மாத்துங்கண்டு எத்தன நாளா செல்றேன்!”

முஹைதீன் கீழே ஓடி ரமேஸிடம் சொன்னார். ரமேஸ் பாவமாகப் பார்த்தார். “நீங்க சொல்றது சரி மொதலாளி. ஆனா கருவி அலறுனா கேஸ் கெடைச்சிருக்குன்னு படிவத்துல எழுதணும். அடுப்புன்னு எழுத அதுல எடமே இல்ல. நா கொழும்புக்கு அனுப்பிட்டேன்.”

கொழும்பு குதூகலித்தது. மத்திய மாகாணத்தில் எரிவாயு! தொலைக்காட்சியில் நிபுணர்கள் வரைபடத்தைத் தட்டிப் பேசினார்கள். கட்டுகஸ்தோட்டையில் ‘ஆழ்கடல் அகழ்வு டிப்ளோமா’ வகுப்பு ஒன்று வாரக் கடைசியில் தொடங்கி, முதல் நாளே இடம் நிரம்பியது. உயிர்காப்பு அங்கியின் ஒரேஞ்ச் நிறம்தான் இந்தப் பெருநாளுக்கு மோஸ்தர் என்று எதிர்க்கடையில் எழுதித் தொங்கவிட்டார்கள். கண்டியில் இரண்டு அலுவலகங்கள், எங்களுக்கும் ஜன்னல் இல்லாத அறை வேண்டும், பொதுமக்களைப் பார்க்காமல் வேலை செய்ய வசதி என்று கேட்டெழுதின.

முஹைதீன் புது ரெகுலேட்டர் வாங்கி மாட்டினார். பழைய ரெகுலேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி கண்டிக்குப் போய் மேசையில் வைத்தார். உண்மையைச் சொன்னால் பெட்டி போய்விடும் என்பது அவருடைய கணக்கு.

“சேர், கேஸ் ஒண்டுமில்ல. எல்லாம் என்ட ஊட்டு அடுப்பு.”

“அப்ப உங்கட வீட்டிலதான் கேஸ் இருக்கெண்டு நீங்களே ஒத்துக்கொள்ளுறியள்?”

“ஓம், சிலிண்டர்ல...”

“காணி உரிமையாளரே உறுதிப்படுத்தியிருக்கிறார்,” என்று சொல்லிக்கொண்டே விவேகானந்தன் எழுதினார். எழுதும்போது கை நின்றது. முகத்தில் கவலை படர்ந்தது. “பொறுங்கோ. உங்கட வீடு கடலில இல்லை, தரையிலதானே?”

“தரையிலதான்.”

“கேஸ் தரையில இருந்தா, கடல் அறைக்கு அங்க என்ன வேலை? அது விதிக்கு முரண். உடனே எடுக்க வேணும்!”

முஹைதீனுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து விவேகானந்தனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாளைக் காலையே கிரேன் வரும், அதை விட்டால் அடுத்த வருஷம்தான் கிரேன் கிடைக்கும், வாசலைத் தயாராக வைத்திருங்கோ என்றார் விவேகானந்தன். பெருநாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. தலை தப்பியது.

ஊருக்கு வந்தபோது வீட்டில் கேஸ் முடிந்திருந்தது. காலையில் மாற்றக் கொண்டுபோகலாம் என்று வெற்றுச் சிலிண்டரைத் தூக்கி வந்து பெட்டியின் கதவோரம் வைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

அதிகாலையில் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து சிலிண்டரைத் தூக்கப் போனார். அவருடைய சிலிண்டருக்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. நீலமும் மஞ்சளுமாகச் சிலிண்டர்கள் வீதியோரம் நீண்டு, வளைவு தாண்டிப் போயிருந்தன. சில சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டும் போட்டிருந்தார்கள். கேஸுக்கு வரிசையில் நின்ற காலத்தை இந்த நாட்டில் யாரும் மறக்கவில்லை. ஒரு வெற்றுச் சிலிண்டரைத் தனியே கண்டால் அதன் பின்னால் தன்னுடையதை வைக்கக் கை தானாகப் போகும்.

“எனத்துக்கு வெச்சீக்கிறீங்க?” என்று முஹைதீன் சத்தம் போட்டார். “இங்க கேஸ் இல்ல! அது என்ட அடுப்பு!”

“அப்ப உங்கட சிலிண்டர் ஏன் முதல்ல நிக்கிது, முஹைதீன் நானா?” என்றார் ஒருவர். நியாயமான கேள்வி.

கிரேன் வந்தது. பின்னாலேயே ஜீப்பில் விவேகானந்தனும் வந்து இறங்கினார். வரிசைக்குக் குறுக்கே கிரேனை நிறுத்த வழியில்லை. சிலிண்டர்களை எடுங்கள் என்றார் விவேகானந்தன், யாரும் அசையவில்லை. கெஞ்சினார், அதற்கும் இல்லை. கடைசியில் கூட்டத்தில் ஒருவர் வழி சொன்னார்: முதல் ஆள் எடுத்தால் நாங்களும் எடுக்கிறோம்.

எல்லோரும் முஹைதீனைப் பார்த்தார்கள்.

அந்த ஒரு சிலிண்டரைத் தூக்கினால் போதும். கடை திறக்கும், அபாயாக்கள் போகும், பெருநாள் வரும். இங்கே கேஸ் இல்லை என்று அந்தக் கூட்டத்திலேயே சத்தியம் பண்ணக்கூடியவர் அவர்தான். குனிந்து சிலிண்டரின் வளையத்தைப் பிடித்தார். பிடித்தபடியே பின்னால் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நீண்ட வரிசை! இவ்வளவு பேரும் காரணமில்லாமலா வைத்திருப்பார்கள்? கொழும்பில் நிபுணர்கள் வேறு வரைபடத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார்களே?

“எடுத்திராதீங்க!” என்று மாடி ஜன்னலிலிருந்து ருக்கியா கத்தினாள். “மொத எடம் பொறகு கெடைக்காது!”

முஹைதீன் நிமிர்ந்தார். பக்கத்தில் விவேகானந்தன் தன் சாரதியின் காதில் ஏதோ குசுகுசுத்தார். சாரதி ஜீப்பின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு வெற்றுச் சிலிண்டரை இறக்கி, வரிசையின் கடைசியைத் தேடி நடந்தான். கிரேன்காரர் தன்னிடம் சிலிண்டர் இல்லையே என்று வருத்தப்பட்டார். ரமேஸ் இரட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்க் கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

முஹைதீன் சிலிண்டரின் மேல் ஒரு கையை வைத்து உட்கார்ந்துகொண்டு, பெருநாள் முடிந்து வாங்க என்று கிரேன்காரரிடம் சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.