இல்லாத பிரேக்

சாவியை மீட்டே தீருவது என்று சபதம் எடுத்தேன். கார் சாவியைத்தான்.

பதினெட்டு வருஷம் என் சட்டைப் பையில் இருந்த சாவி அது. இரண்டு மாதம் முன்பு என் மனைவி லைசென்ஸ் வாங்கினாள். அன்றே சாவி அவள் கைப்பைக்குக் குடிபோனது. நான் பக்கத்து சீட்டுக்குப் போனேன். அதே வாரம் எனக்கு வலி வந்தது.

சாதாரண வலியா? முதுகில் கிளம்பி, இடுப்பைச் சுற்றி, வலது தொடை இடுக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதுகு வலி என்றால் ஊருக்கே சொல்லலாம். தொடை இடுக்கை எப்படிச் சொல்வது? மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் "எங்க சார் வலிக்குது?" என்று கேட்டபோது "பொதுவா" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள்.

ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. கல் இல்லை. குடலிறக்கம் இல்லை. "காரணம் தெரியலை. எப்பெப்ப வலிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டர். டாக்டருக்கே தெரியாத வலி என்றால் பயம் வராதா? இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் தழுதழுத்த குரலில் சொன்னேன்.

"நான்தானே அதை அங்க வெச்சேன்" என்றாள்.

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பத்து நாள். நான் பஸ்ஸில் அலுவலகம் போனேன். மூன்றாம் நாள் வலி குறைந்தது. ஏழாம் நாள் நானே குனிந்து ஷூ லேஸ் கட்டினேன்! பதினோராம் நாள் அவள் வந்தாள். இருவரும் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். முதல் திருப்பம். எதிரே லாரி. சுரீர்!

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

"எதை?"

"காரணத்தை! நீ வண்டி ஓட்டுறதுதான் என் நோய்!"

"அப்படியா? டாக்டர்கிட்ட சொல்லிடலாம்."

"சொல்றேன். நீ ஓட்டக் கூடாதுன்னு எழுதியும் வாங்குறேன்."

"தாராளமா வாங்குங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

டாக்டர் முன்னால் நோட்டை விரித்து வக்கீல் மாதிரி வாதாடினேன். அவள் ஓட்டிய நாளெல்லாம் வலி. ஓட்டாத நாளெல்லாம் சுகம். டாக்டரே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"பிரமாதம் சார்! ஆனா ஓட்டுறது அவங்க. சும்மா உக்காந்திருக்கிற உங்களுக்கு ஏன் வலிக்கணும்?"

நான் நோட்டைப் புரட்டினேன்.

"சும்மா எங்க டாக்டர் உக்காந்திருக்கார்?" மனைவி துணிப்பையிலிருந்து எதையோ உருவி மேஜைமேல் போட்டாள். கார் மிதியடி. என் சீட்டுக்கு முன்னால் காலடியில் கிடப்பது. வலது கால் படும் இடத்தில் ஒரு ஓட்டை.

"ரெண்டு மாசம் முன்னாடி போட்ட புது மிதியடி. சிக்னல் வந்தா மிதிப்பார். நாய் வந்தா மிதிப்பார். லாரி வந்தா ரெண்டு கையால சீட்டைப் பிடிச்சு, முதுகை விறைச்சுக்கிட்டு மிதிப்பார். அங்க பிரேக்கே இல்ல டாக்டர்!"

"தெரிஞ்சா முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"நான் சொன்னா நம்புவீங்களா? அதுக்காகத்தானே பத்து நாள் தங்கச்சி வீட்டுல போய் உக்காந்தேன்."

டாக்டர் என்னைப் படுக்க வைத்து, வலது காலை மடக்கி அழுத்தினார். அலறினேன்.

"இதேதான்! தசைப்பிடிப்பு. பயப்பட ஒண்ணுமே இல்ல. ஆறு வாரம் பிரேக் மிதிக்காதீங்க, சரியாயிடும்."

போன உயிர் திரும்பி வந்தது. கட்டிலிலிருந்து குதிக்காத குறை. "அதை எழுதிக் குடுங்க டாக்டர்!" என்றேன்.

"இல்லாத பிரேக்கைத்தானே டாக்டர்?" என்று மனைவி பணிவாகக் கேட்டாள். "நிஜ பிரேக்கை மிதிக்கலாமா?"

"கூடவே கூடாது!"

"அப்ப இவர் வண்டி ஓட்டக் கூடாதுங்கிறதையும் சேர்த்து எழுதிடுங்க. எழுதி வாங்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டார்."

டாக்டர் எழுதினார். அந்தக் காகிதமும் சாவி இருக்கும் கைப்பைக்குள்ளேயே போனது.

மிதியடியை எடுத்துக்கொண்டு மனைவி முதலில் காருக்குப் போனாள். நான் வெளியே வந்து முன் கதவைத் திறக்கப் போனேன். "நீங்க பின்னாடி ஏறுங்க" என்றாள். ஏறினேன். முன்னால், என் இடத்தில், ஓட்டை மிதியடி சீட் பெல்ட் போட்டுக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்திருந்தது.